ஒரே பேனா

சிலேத்தாரில் முதல் பள்ளி.
குளிரூட்டி உறைய வைத்தது.
காப்பி இயந்திரம் தானே பால் நுரைத்தது.
சுவரில் வெள்ளைச் சட்டை, தோளில் தங்கக் கோடுகள்,
சிரிக்கும் ஒருவன்.
இங்கே படித்தவரா என்று கேட்டேன்.
வரவேற்புப் பெண் திரும்பி
அந்தப் படத்தை முதல் தடவையாகப் பார்த்தாள்.

மணிக்கு இவ்வளவு வெள்ளி என்றார் மேலாளர்.
வெட் என்றால் எண்ணெயோடு சேர்த்து,
டிரை என்றால் எண்ணெய் உங்கள் செலவு.
மீனுக்கும் கருவாட்டுக்கும் நடுவே
விலை கேட்டு நிற்பவள்போல் நின்றேன்.

நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவள்.
பதினாறு வருடமாக ஈசூன், செங்காங்,
புளோக் புளோக்காக
இருட்டுக் குழிக்குள் மேலும் கீழும்.
பறக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று
எல்லாரும் கேட்கிறார்கள்.
குழியின் உச்சியில் இயந்திர அறை.
அதற்கொரு சன்னல்.
அவ்வளவுதான்.

"பராமரிப்புப் பதிவேட்டைப் பார்க்கலாமா?"
எந்த மாணவரும் இதுவரை கேட்டதில்லையாம்.
பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்தார்கள்.
முப்பது நாள், முப்பது கையெழுத்து,
ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம்.
ஒரே மூச்சில் உட்கார்ந்து போட்டது.
எனக்குத் தெரியும்.
நானும் ஒருமுறை போட்டிருக்கிறேன்,
காய்ச்சலில் கிடந்த ஒரு டிசம்பரில்,
பார்க்காத கம்பிவடத்தைப் பார்த்ததாக.
ஒன்றும் ஆகவில்லை.
அந்த ஒன்றும் ஆகவில்லை
ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே
இன்றுவரை கதவு திறக்காமல் நிற்கிறது.

நன்றி சொன்னேன். காப்பியைக் குடித்து முடித்தேன்.

ஜொகூரில் பாதி விலை.
இளவழகன்தான் கணக்குப் போட்டார்:
காஸ்வேயில் நிற்கும் நேரத்தையும்
பறந்த நேரமாக எழுதிக்கொள்வார்களா?
அங்கே பயிற்றுநர் நல்ல பையன்.
விளம்பரத்தில் போட்ட மணிக்கணக்கில்
யாரும் முடிப்பதில்லை அக்கா என்று
கேட்காமலே சொன்னான்.
அடுத்த மாதம் பெரிய கம்பெனிக்குப் போகிறான்.
அவனுக்குப் பிறகு யார்?
அவனுக்கே தெரியவில்லை.
அதையும் மறைக்காமல் சொன்னான்.

மறுபடி சிலேத்தார்.
கொட்டகை வரிசையில் கடைசி.
காப்பி இல்லை. மின்விசிறி ஒன்று
எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தது.
ஹைருல் கையைத் துடைத்துவிட்டுப் பதிவேட்டை நீட்டினார்.
ஈரக்காற்றில் உப்பிய நோட்டு,
மூலையில் எண்ணெய்க் கட்டைவிரல்.

இடது இறக்கை விளக்கு மங்கல்.
பாகம் வரவில்லை. இரவில் பறக்கக் கூடாது.
மறுநாள், வேறொரு கை:
இன்னும் வரவில்லை.
அதற்கும் மறுநாள், பென்சில் சீவாத எரிச்சலில்:
இன்னும்.

ஓர் எண்ணைத் தப்பாக எழுதி,
அழிக்காமல், மேலே ஒற்றைக் கோடு இழுத்து,
பக்கத்தில் சரியானதும் சுருக்கொப்பமும்.
தப்பு என்ன என்று இப்போதும் படிக்கலாம்.
அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

சோதனைப் பறத்தல் சனிக்கிழமை மூன்று மணி.
விடுப்பு எடுத்து, சிறுநீர் கழித்து,
தலைமுடியை இறுகக் கட்டிப் போயிருந்தேன்.
திருமதி வூ வெளியே வந்து
வடக்கே ஒருமுறை பார்த்தார்.
எனக்கு அது சாதாரண மேகம்.
"இன்று வேண்டாம்."
நம் நாடோ சின்னது,
ஏறி முடித்துத் திரும்பினால் அடுத்தவர் வானம்.
ஒதுங்க இடம் வேண்டும் என்றார்.
பணத்தை இப்போதே தரட்டுமா, அடுத்த வாரம் வருகிறீர்களா?
மழை வரவேயில்லை.
அதற்காக அவர் வருத்தமும் படவில்லை.

ஜாலான் காயுவில் புரோட்டா.
அங்கேதான் சேரப்போகிறேன் என்றேன்.
மொத்தத் தொகையையும் சொன்னேன்.
இளவழகன் பிய்த்த துண்டைக் குழம்பில் வைத்தவர்
எடுக்கவில்லை.
சிபிஎஃப்பில் எடுக்க முடியுமா என்றார். முடியாது.
கார் வாங்குவதைத் தள்ளிப்போடலாமா என்றார்.
நம்மிடம் எப்போது வாங்கும் எண்ணம் இருந்தது என்றேன்.
ஊறிப்போன துண்டை ஒருவழியாக வாயில் போட்டு
மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்து,
கேட்டார்:

"அந்த விளக்கு வந்துவிட்டதா?"

"இன்னும்."