நெய் மணக்கும் கையுறை

மண்டாய்க்குத் திரும்பும் இடத்தைத் தவறவிட்டேன்.
மழைதான் காரணம்.
இல்லை, உன் கண்ணாடிதான் என்பான்
பின்னால் தொற்றியிருந்த நிஜாமுதீன்.
எப்படியோ செம்பவாங் பக்கம்
ஒரு தகரக் கூரை,
கீழே நாலு மேசை, ஒரு பரோட்டாக் கல்.

கடைக்காரம்மா
(சௌந்தரி என்று பிற்பாடுதான் தெரியும்)
'முதல்ல கிளவுஸைக் கழட்டுங்க' என்றார்.
கல்லின் சூடு குறைந்த ஓரத்தில்
நான்கையும் பரப்பினார்,
மாவு உருண்டைகளுக்குப் பக்கத்தில்.
ஒருமுறை கரண்டியால்
திருப்பியும் போட்டார்.

மீன் கறி உறைத்தது.
தே ஓவில் சீனி அதிகம்.
குறை சொல்லிக்கொண்டே
ஆளுக்கு ஐந்து தின்றோம்.
மூன்று வெள்ளி குறைந்தது.
'அடுத்த தடவை குடுங்க.'

அந்த மூன்று வெள்ளியைக் கொடுக்க
எத்தனை சனிக்கிழமை வேண்டுமென்றே
வழி தவறியிருக்கிறோம்!
ஒருநாளும் வாங்கவில்லை அவர்.

பத்தாண்டுச் சான்றிதழ் முடிந்து
வண்டியை உடைக்கக் கொடுத்தாயிற்று.
இப்போதெல்லாம் பேருந்துதான்.
அது வழி தவறுவதே இல்லை.

கையுறை மட்டும் அலமாரியில்.
மழை நாளில் திறந்தால்
நெய் மணக்கிறது,
இடது கையில்
கொஞ்சம் கூடுதலாக.