நூற்றைந்து பாகையில்

அறிவியல் நகரில் இரவு பதினொன்றேகால்.
துஷாந்தினி கட்டிலில் சப்பணம் கட்டி,
மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கி
வெள்ளைக்காரப் பேராசிரியர் ஆகிறாள்.
"ஏன் எங்கள் பல்கலைக்கழகம்?"
உலகத் தரவரிசையில், என்று தொடங்குகிறேன்.
"நிப்பாட்டு. அது அவையளுக்குத் தெரியும்.
உனக்கு என்ன தெரியும், அதைச் சொல்."

என்ன தெரியும் எனக்கு.
வீரையடிக்குளத்தின் கட்டுக்குக் கீழே
பதினொரு குழாய் நட்டு
இரண்டு மாரி அளந்தேன்.
நீர் எந்த இடத்தில் கசிகிறது என்று தெரியும்.
நாலாம் குழாய் ஏன் பொய் சொல்கிறது என்று
இன்னும் தெரியாது.

"அடுத்தது, நீ கடந்து வந்த ஒரு கஷ்டம்."
மின்விசிறி மூன்று சுற்றுச் சுற்றியது.
"முகாமைச் சொல்லடி," என்றாள் பிறகு, தன் சொந்தக் குரலில்.
"ஒன்பது வயது, கம்பிவேலி, தண்ணி லைன்.
புலமைப்பரிசில் நிச்சயம்."
பகிடிதான்.
அவளும் அதே லைனில்
மஞ்சள் கானோடு நின்றவள்.
சிரித்தோம், பக்கத்து அறை சுவரில் தட்டும்வரை.

"கறையான்," என்றேன்.
"ஏழாம் குழாயைக் கறையான் மூடியது.
மூன்று மாதத் தரவு போச்சு. திரும்ப நட்டேன்."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
அது போதும் என்றாள்.

அழைப்புகள் இரண்டு.
ஒன்று, பெயரைச் சொன்னால்
வங்கி மனேஜர் கதிரை இழுத்துப் போடுகிற இடம்.
நேர்முகம் முடிய முதலே ரொறன்ரோ மாமி
மூன்று வீட்டுக்குச் சொல்லிவிட்டா.
மற்றது, "அது எங்க பிள்ளை?" என்று
அதே மாமி கேட்கிற இடம்.
வரைபடத்தில் அந்த ஊரைவிட
அதன் ஏரி பெரிது.

முறிகண்டியில் பஸ் நின்றால்
சனம் மொய்க்கிற கடையில்தான் நானும் கச்சான் வாங்குவேன்.
சனம் ஏன் அங்கே மொய்க்கிறது?
முன்னம் மொய்த்த சனத்தைப் பார்த்து.
ஆனால் கச்சானும் நல்லாகத்தான் இருந்தது, பலமுறை.
ஆகவே பெயரைச் சும்மா பழிக்க எனக்கு வாய் வரவில்லை.

பெரிய இடத்தில் படிக்கிற ஒருவருக்கு எழுதிக் கேட்டேன்.
ஒரு வரியில் பதில்:
ஆய்வுகூடம் அருமை, பேராசிரியரை ஆண்டுக்கு இருமுறை காணலாம்.

செவ்வாய் பின்னிரவு, பெரிய இடம்.
ஐந்து முகம், பதினெட்டு நிமிடம்.
பொழிலினி என்ற என் பெயரின் ழகரத்தை
ஒருவரும் தொடவில்லை.
பாடமாக்கியதெல்லாம் சறுக்காமல் வந்தது.
லாப்டொப்பை மூடியபோது
நான் சொன்ன ஒரு வசனமும் நினைவில் இல்லை.

வியாழன், சின்ன இடம்.
ஒரேயொரு பெண். யன்னலுக்கு வெளியே பனி, மடியில் பூனை.
வணக்கம் சொல்ல முதல் கறண்ட் போனது.
துஷாந்தினியின் போனில், அவளுடைய டேட்டாவில்,
மறுபடி நுழைந்தேன்.
"நாலாம் குழாய்," என்றார் எடுத்த எடுப்பில்.
"குளம் வற்றிய பிறகும் அது ஏன் ஏறுகிறது?"
தெரியாது என்றேன்.
அவர் முன்னுக்குச் சாய, பூனை குதித்து இறங்கியது.
"எனக்கும் தெரியாது. ஒரு கிழமையாக யோசிக்கிறேன்."
போன் சூடேறி அணையும்வரை கதைத்தோம்.
ஏன் எங்கள் பல்கலைக்கழகம் என்று
கேட்கவே மறந்துவிட்டார்.

காலையில் ஆய்வுகூடம்.
மண்ணை அதன் ஈரத்தோடு நிறுத்தேன்.
நூற்றைந்து பாகையில் ஒரு நாள் உலரும்.
நாளைக்கு மறுபடி நிறுத்தால்
குறைந்தது தண்ணீர், மிஞ்சியது மண்.
பெயரை உலர்த்தி நிறுக்க
இப்படி ஓர் அடுப்பு இருந்தால் என்று நினைத்தேன்.
பிறகு வெட்கமாய் இருந்தது.
தண்ணீரைத் தேடித்தானே இரண்டு மாரி அலைந்தேன்,
அதைப் போய்க் கழிவு என்று சொல்லலாமா.

மாமிக்கு இன்னும் பதில் போடவில்லை.
நாலாம் குழாய்க்குப் பக்கத்தில்
பழைய துருசு ஏதும் புதைந்து கிடக்கலாம் என்கிறாள் துஷாந்தினி.
மண்வெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டியாயிற்று.
யானை இறங்க முதல் திரும்ப வேணும்.