எட்டாவது வண்டி

லார்ஸ் சாவடிக்குக் கீழே ஒன்பது நாளாக நிற்கிறோம்.
மேலே கணவாய் பனியில் மூடிக்கிடக்கிறது.
ஊர் திரும்பும் லாரிகள், எண்ணி மாளாது.
அதில் நாங்கள் எட்டு வண்டி சேர்ந்தாற்போல்.
மர வாடை, டீசல் வாடை,
யாரோ வெங்காயம் வதக்கும் வாடை.

என் ஊர் அஸ்தாரா.
கிவிப்பழம் ஏற்றிப் போனேன், பலகை ஏற்றி வருகிறேன்.
வீட்டுக்குள் தாலிஷ் பேசுவேன்.
சாலையில் எல்லோருக்கும் பாரசீகம்,
இரவல் சட்டை மாதிரி, கை கொஞ்சம் நீளம்.

இரண்டாம் இரவு அடுப்பருகே ஒரு பந்தயம்:
தண்ணீருக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்?
ஆப் என்றான் பலூச்சி தாத்கரீம்.
ஆவ் என்றான் குர்து ஹேமின்.
ஓப், யெரெவான் முதலாளிக்கு ஓட்டும்
துஷான்பே சியோவுஷ்.
நான் ஓவ் என்றேன்.
லூரிஸ்தானத்து இஸ்ஃபந்தியார் சிரித்தார்:
"ஒரே நாய், நாலு வாசலில் குரைக்கிறது."
யார் ஜெயித்தது என்று முடிவாகவில்லை.

ஐந்தாம் இரவு அவர்
நெஞ்சைப் பிடித்தபடி ஸ்டியரிங்மேல் சாய்ந்தார்.
உடலை விளாதிகாவ்காஸுக்குக் கொண்டுபோனார்கள்.
வண்டி மட்டும் வரிசையில்,
விளக்கில்லாமல்.

இன்று மாலை சிமி கிராமத்திலிருந்து அகுந்தா வந்தாள்.
ஒசேத்தியக்காரி. முழங்கால்வரை பனி, கையில் மூடிய தட்டு.
கெட்டிலைக் காட்டி "தோன்" என்றாள்.
ஒருவருக்கும் விளங்கவில்லை.
ஆப்பும் இல்லை ஆவும் இல்லை,
தண்ணீரே வேறு யாருடையதோ என்பதுபோல் விழித்தோம்.
தட்டைத் திறந்தாள்:
பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட வட்ட ரொட்டி,
இரண்டே இரண்டு.
ஏழு பேருக்கு இரண்டா என்று முணுமுணுத்தான் தாத்கரீம்.
நானும் அதையேதான் நினைத்தேன். பசி.

சியோவுஷுக்கு ரஷ்ய மொழி வரும்.
அவளிடம் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.
"நல்லதுக்கு மூன்று வைப்பார்களாம்.
சாவுக்கு இரண்டு."

யாரோ அடுப்பைத் தணித்தார்கள்.

பங்கு போட எங்களை எண்ணத் தொடங்கினாள்,
ஒவ்வொரு நெஞ்சுக்கும் ஒரு விரல் நீட்டி:
யு, துவ்வா
(துவ்வாவிலேயே ஹேமின் தலை தூக்கிவிட்டான்)
அர்தா, சிப்பார், ஃபோன்ஸ், அக்சஸ்,
அவ்த்.

அவ்த் நான்தான்.
ஹஃப்த்! என்று கத்தினேன்.
ஹப்த் என்றான் தாத்கரீம், ஹவ்த் என்றான் ஹேமின்.
தண்ணீர் கைவிட்ட இடத்தில்
ஏழு எங்களைப் பிடித்துக்கொண்டது.
சாவு ரொட்டியைச் சுற்றி நின்று சிரிப்பது
தப்பென்று தெரிந்தும் சிரித்தோம்.

அவள் நிறுத்தவில்லை.
இருட்டாக நின்ற வண்டியை நோக்கி விரல் போனது.
"அஸ்த்."

அவள் மொழியில் அது எட்டு.
எங்கள் இரவல் பாரசீகத்தில் அது எண்ணே இல்லை.
இருக்கிறார், என்று வாக்கியத்தை முடிக்கும் சொல்.

ஒருவரும் அவளைத் திருத்தவில்லை.

எட்டாக வெட்டினாள்.
எட்டாவது துண்டைத் தாத்கரீம் எடுத்துப்போனான்,
சற்றுமுன் முணுமுணுத்தவன்.
கதவைத் திறந்து ஏறி, ஸ்டியரிங் முன்னால் வைத்து,
கண்ணாடியில் பனி அப்பியிருப்பதைப் பார்த்து
வைப்பரை ஒருமுறை ஓட்டிவிட்டு
இறங்கினான்.