பதினோராம் அடிக்குறிப்பு

மேரிட்டுக்கு முதன்மைப் பாடம் மீன்.
சுப்பீரியர் ஏரியின் ட்ரௌட்டைப் பிளந்து
செவிக்கல்லை எடுத்து அறுத்து
வளையம் எண்ணி வயது சொல்வாள்.
துணைப்பாடம் பொதுக்கொள்கை.
ஆறு தாள், பதினெட்டு கிரெடிட்.
"எதற்கு அது?" என்று கேட்ட அப்பாவிடம்
"மீனுக்கு ஓட்டு இல்லையே" என்றாள்.
அவர் சிரிக்கவில்லை. கட்டணத்தைக் கட்டினார்.

துணை என்றால் சும்மா இல்லை.
துணைக்காலை எடுத்துவிட்டால்
பாடம் படமாகிவிடும்.
சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்.

மூன்றாம் பருவத்தில் பேராசிரியர் வெக்ஸ்லர்
ஒரு வேலை கொடுத்தார்:
துலூத் நகரின் இருபத்தேழாம் எண் பேருந்து,
இரவு பதினொன்று நாற்பது நடை.
நிறுத்தலாமா, ஓட்டலாமா?
இரண்டு பக்கத்துக்குள் பரிந்துரை.
பெயரடை கூடாது.
"நகர்மன்றத்துக்கு வாசிக்க நேரமில்லை,
அழ அதைவிட நேரமில்லை."
நன்றாக வரும் ஒன்றை
மன்றத்துக்கே அனுப்புவதாகவும் சொன்னார்.

எக்செல் சொன்னது:
நடைக்குச் சராசரி ஒன்று புள்ளி நான்கு பயணி.
தலைக்கு அறுபத்தொரு டாலர்.
டாக்சி வைத்து அனுப்பினாலும் மிச்சம்.
அரைமணியில் எழுதி முடித்தாள்: நிறுத்துக.
வாக்கியங்கள் அறுவைக் கத்திபோல் இருந்தன.
அவளுக்கே பிடித்திருந்தது.

பிறகு ஒரு பிப்ரவரி இரவு
ஆய்வகத்தில் நேரம் போனது தெரியவில்லை.
மைனஸ் இருபத்திரண்டு.
கையெல்லாம் மீன்வாடை.
வேறு வழியில்லாமல்
அதே வண்டிக்கு நின்றாள்.

பழக்கதோஷம், எண்ணினாள்.
ஒன்பது பேர்.
மருத்துவமனைத் தரை துடைத்துவிட்டு வந்த ஹோடன்
பூட்ஸைக் கழற்றி ஹீட்டரில் கால் காட்டினாள்.
காகித ஆலைக்காரர் இருவர்
ஒருவர் தோளில் ஒருவர் தூங்கினார்கள்.
முதியோர் இல்லச் சமையல்காரர் டூ வாங்
மடியில் ஒரு டப்பா, மூடி சரியில்லை,
வண்டி முழுக்க இஞ்சி வாசம்.
மற்றவர்கள் பெயர் சொல்லவில்லை,
அவளும் கேட்கவில்லை.
அட்டையை நீட்டியது அவள் மட்டும்.

ஓட்டுநர் ஆர்வோ கிவெலா
கட்டணப் பெட்டியின் வாய்மேல்
தன் கையுறையைப் போட்டு மூடியிருந்தார்.
"இந்த நேரத்துக்கு என்ன காசு,
போய் உட்காரு" என்றார்.
நான்கு வருடமாக இப்படித்தானாம்.

பெட்டி எண்ணினால்தான் பயணி.
எண்ணாதவர் காற்று.
அந்த மனிதரின் ஈரம்
சொட்டுச் சொட்டாய் அந்தத் தடத்தையே
அரித்துக்கொண்டிருந்தது.
அவருக்குத் தெரியாது.

எழுதினால் கிவெலாவின் வேலை போகும்.
ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினான்கு மாதம் என்று
கேட்காமலே சொல்லியிருந்தார்.
எழுதாவிட்டால் வண்டி போகும்.
இதற்குப் பாடத்தில் ஒரு பெயர் உண்டு,
வரைபடமும் உண்டு.
இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்
ஒரு கறுப்புப் புள்ளி வைப்பார்கள்.
புள்ளிக்குள் ஹீட்டர் ஓடுகிறதா
என்று யாரும் கேட்டதில்லை.

மூன்று நாள் சாப்பாடு ருசிக்கவில்லை.
பட்டினி வருடத்திலும்
செவிக்கல்லில் வளையம் விழும்;
மெலிதாக இருக்கும், ஆனால் இருக்கும்.
மீனுக்குக் கையுறை கிடையாது.

'நிறுத்துக'வை அழித்தாள்.
பதினோராம் அடிக்குறிப்பாக இதைச் சேர்த்தாள்:
"இரவு நடையின் கட்டணத் தரவு நம்பத்தக்கதல்ல.
இரண்டு வாரம் ஆள் வைத்து எண்ணிய பின்
முடிவெடுக்கலாம்.
எழுதியவர் ஓரிரவு எண்ணியது: ஒன்பது."
காரணம் எழுதவில்லை.

மறுநாள் இரவு மறுபடி ஏறினாள்.
"காசு வாங்க வேண்டாம்.
ஆள் ஏறும்போதெல்லாம்
அந்தச் சுழியப் பொத்தானை மட்டும் அழுத்துங்கள்."
கிவெலா கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.
"இது சட்டமா?"
"இல்லை. துணைப்பாடம்."

பி பிளஸ்.
ஓரத்தில் சிவப்பு மையில்:
அடிக்குறிப்பு நீளம். காரணம்?

வேறொருவரின் தாள் மன்றத்துக்குப் போனது.
மன்றம் முடிவை மே மாதத்துக்குத் தள்ளிவைத்தது,
யாருடைய வாதத்தாலும் அல்ல,
அன்று ஆள் போதவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு வண்டி வந்தது.
கதவு திறந்தது.
கையுறை
அவர் கையில் இருந்தது.