நிலுவை: 2306

ஹீயுமா தீவில், தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில்,
ஈரக் குழாய்ச் சுருள்களுக்கும் உப்பு மூட்டைகளுக்கும் நடுவே
சர்வர் உட்கார்ந்திருக்கிறது.
அதற்கு முகம் கிடையாது.
கறுப்புத் திரை, ஒரு டாலர் குறி,
இமைத்துக்கொண்டே இருக்கும் சின்னக் கோடு.

ஹெல்யே வேலையை விட்டுப் போகும்போது
மீன் டின்னின் லேபிளுக்குப் பின்னால்
பாஸ்வேர்டை எழுதித் தந்தாள்.
"ரொம்பத் தொடாதே, ஓடுது."
ஓடத்தான் ஓடியது.
பனிப்பாதைக் குழுவில் முந்நூற்று நாற்பது முகவரி.
கடல் உறையும் மாதங்களில்
கனம் எத்தனை சென்டிமீட்டர், விரிசல் எங்கே என்று
ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும்.

ஜூலையில், வேலையில்லாத மத்தியானம் ஒன்றில்
நிலுவையை எண்ணச் சொல்லி ஒரு வரி தட்டினேன்.
2306.
லாட்டரி, மாத்திரை, செத்துப்போன இளவரசரின் பணம்,
மறுபடி மாத்திரை.
மொத்தத்தையும் துடைக்க இன்னொரு வரி போதும்.
தட்டியும் விட்டேன்.
என்டரை மட்டும் அழுத்தவில்லை.
காளான் கூடையைக் கவிழ்க்கும் முன்
ஒரு தரம் கிளறிப் பார்க்கிற பழக்கம்.

எண் 1187.
தலைப்பு இல்லை. உறுப்பினர் அல்லாத முகவரி.
பதினோரு வருஷத்துக்கு முந்திய பிப்ரவரி,
இரவு பத்து நாற்பது.
"வம்போலா. மகளின் மெயிலிலிருந்து எழுதுகிறேன்.
நாளைக் காலை வைக்கோலோடு கடக்கலாமா?
யாராவது சொல்லுங்கள்."

சர்வர் யாரிடமும் சொல்லவில்லை.
தெரியாதவர் என்றால் நிறுத்து. விதி அது.

மௌனம் சம்மதம் என்கிறவர்கள்
சீட்பெல்ட்டை அவிழ்த்துவிட்டுக்
கடல்மேல் வண்டி ஓட்டிப் பார்த்ததில்லை.

எனக்கு இரண்டு வம்போலாக்களைத் தெரியும்.
ஒருவர் கல்லறைத் தோட்டத்தில்.
எந்த வருஷம் என்று நினைவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு டயர் கடைக்குப் போனேன்.
இன்னொருவர் இருந்தார்,
லாரிச் சக்கரத்துக்குள் பாதி உடம்போடு.
படித்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலை வெளியே வந்தது.
"பதில் வரலே.
வரலேன்னா பனி சரியில்லேன்னுதானே அர்த்தம்?
கப்பல்ல போனேன்.
வைக்கோலுக்கும் சேர்த்து முப்பத்தெட்டு யூரோ.
அதை நீதான் தரணும்."

திரும்பி வந்து
கோப்பைத் திறந்து, ஒரு சொல்லை மாற்றி, மூடினேன்.
நிலுவை ஒன்றே ஒன்று இருந்தாலும்
காலை ஆறுக்கு என்னை எழுப்பு.
மீதி 2305-ஐத் துடைத்தேன்.
1187-க்கு மட்டும் கை வரவில்லை.
போ, என்றேன். போயிற்று.

முந்நூற்று நாற்பது வீடுகளில்
ஒரு பிப்ரவரி இரவு போய் இறங்கியது.
முதல் பதில், படகுத்துறை லெய்வியிடமிருந்து:
"எந்தப் பனி? நான் நீந்திக்கொண்டிருந்தேன்."
இரண்டாவது, டாலினிலிருந்து, ஹெல்யே:
"கடக்காதே.
எட்டாவது கிலோமீட்டரில் பதினாறே சென்டிமீட்டர்."