கராஜ் வாசலில் குணமாகிவிடும்

மாளிகாவத்தை ஒழுங்கைக்குள் திரும்பியதும்
நடுக்கம் நின்றுவிடுகிறது,
பல் டாக்டரின் கதிரையில் ஏறியதும்
எந்தப் பல் என்று மறந்துபோகும் வாயைப் போல.

மிஹ்ளார் பொனட்டைத் திறந்து காது கொடுக்கிறார்.
கையைத் துணியில் துடைக்கிறார்.
"கராஜுக்கு வந்தா எல்லா வண்டியும் நல்ல புள்ளதான், மிஸ்.
றோட்டுல என்ன செய்யுது, அதச் செல்லுங்க."

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுப் பஜேரோ.
நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும்.
மண் துளைக்கும் கருவியை ஏற்றிக்கொண்டு
முத்துராஜவெலச் சதுப்பில் இறங்கி ஏறியிருக்கிறோம்,
அது ஒருநாளும் முனகியதில்லை.
இப்போது களனிப் பாலத்தின் ஏற்றத்தில்,
மூன்றாவது கியரில்,
பின்னால் கொள்கலன் லொறி ஹோர்ன் அடிக்க,
குளிர்காய்ச்சல்காரன் போல உதறுகிறது.
எல்லா நாளும் உதறினால் பரவாயில்லை.

பழைய பில்களின் முதுகில் எழுதி வைத்தேன்:
செவ்வாய், மழை, உதறியது.
புதன், அதே மழை, இல்லை.
வெள்ளி, பேஸ்லைன் வீதி, நெரிசல், இல்லை,
வெள்ளி, திரும்பி வரும்போது, ஐயோ.
நிறுத்தி, அணைத்து, பத்து நிமிடம் திட்டிவிட்டு
மீண்டும் திறப்பைத் திருகினால்
ஒன்றும் நடக்காததுபோல் ஓடும்.

கிளச் என்றார் மச்சான்.
எஞ்சின் மவுண்ட் என்றான் லஹிரு, நட்டை முறுக்கியபடி.
கிராண்ட்பாஸ் திசேரா நாலு நொசலையும் மாற்றினார்.
எண்பத்தாறாயிரம்.
இரண்டு நாள் பட்டுப்போல் ஓடியது.
மூன்றாம் நாள் பாலத்தில் நின்றபடி
போனில் அவரைக் கள்ளன் என்றேன்,
சிங்களத்தில், நன்றாக விளங்கும்படி.

நேற்று மிஹ்ளார் தாங்கியைச் சந்தேகப்பட்டார்.
வரும் குழாயையும் திரும்பும் குழாயையும் கழற்றி
கண்ணாடி போன்ற ரியூப் இரண்டைப் பூட்டி
ஜன்னல் வழியே உள்ளே எடுத்தார்.
என் மடியில் ஐந்து லீட்டர் டீசல் கான்.
சேலைன் ஏற்றிய நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கும் தாதிபோல்
அதைப் பிடித்துக்கொண்டு நான்.
அவர் ஓட்டினார்.
இங்குருக்கடைச் சந்தியில் பொலிஸ்காரர் குனிந்து பார்த்தார்,
ரியூபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
போ என்று கையை ஆட்டினார்.

பாலத்தில் ஏறினோம். மூன்றாவது கியர்.
ரியூபில் ஒரு குமிழிகூட இல்லை.
இறங்கி, திரும்பி, மறுபடி ஏறினோம்.
ஆறு தடவை.
நடுக்கம் வராதா என்று
வாழ்க்கையில் முதல்தடவை ஏங்கினேன்.
வரவில்லை.
"அப்ப எஞ்சின் சுத்தம்," என்றார் மிஹ்ளார்,
"தாங்கிக்குள்ளதான் யாரோ ஈக்கிறாங்க."

இன்று தாங்கி இறங்கியது.
அடியில் துரு, கொஞ்சம் தண்ணீர்,
உறிஞ்சும் குழாயின் வாயோரம்
உள்ளங்கை அளவு நீலப் பொலித்தீன்.
டீசலில் அது மிதப்பதில்லை, படுத்திருக்கும்.
ஏற்றத்தில் எஞ்சின் தாகமாய் இழுக்கும்போது
எழுந்து வந்து வாயைப் பொத்தும்.
அணைத்தால் விட்டுவிட்டுப் போய்ப் படுக்கும்.
"இது எப்பிடி உள்ள போச்சு?"

எனக்குத் தெரிந்துவிட்டது.
எண்ணெய் வரிசைக் காலம்.
இரண்டு இரவு ஷெட் வாசலில் வண்டிக்குள் தூங்கி
மூன்றாம் நாள் டீசல் இல்லை என்று அனுப்பிவிட,
மேல்மாடி வீட்டாரிடம் கடனாய் ஒரு கான் வாங்கினேன்.
வாஷர் தொலைந்த மூடி.
ஒழுகாமல் இருக்கப் பொலித்தீனை மடித்து இறுக்கியிருந்தார்கள்.
கரண்ட் இல்லாத இருட்டில்,
யாரும் பார்க்குமுன் ஊற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில்,
மூடியைத் திறந்தேன், பொலித்தீனைத் தேடவில்லை.

"நான்தான்," என்றேன்.
மிஹ்ளார் சிரிக்கவில்லை.
அதை லஹிருவின் பிளேன்டீ கோப்பைக்குப் பக்கத்தில் விரித்து
வெயிலில் காய வைத்தார்.

மாலையில் திசேராவிடம் போனேன்.
முழுவதையும் கேட்டார்.
ஒரு பால்மா டின்னை எடுத்துத் தந்தார்,
உள்ளே என் பழைய நொசல் நான்கும்
எண்ணெய்த் தாளில் சுற்றியபடி.
"எறியல்ல. நீங்க வருவீங்க என்று தெரியும்."

வீடு திரும்பும்போது பாலம் வந்தது.
எஞ்சின் நேராக ஏறிற்று.
நடு ஏற்றத்தில், அந்த விளக்குக் கம்பம் வந்ததும்
என் கால்தான்
தானாக அக்சிலேட்டரிலிருந்து எழுந்தது.