கடைசி இலக்கம்

பட்டுக்கூடு அங்காடியில் எடை எழுதுகிறவள் நான்.
வாங்க வருகிறவர்கள் குவியலில் கைவிட்டு
ஒரு கூட்டை எடுத்துக் காதோரம் குலுக்குவார்கள்.
கடகடவென்றால் புழு உள்ளே திரண்டிருக்கிறது.
சத்தம் வராவிட்டால்
செத்துக் கூட்டோடு ஒட்டிக்கொண்டது.
கிலோவுக்கு எழுபது ரூபாய் குறையும்.

உள்ளே இருப்பதைக் காதால் பார்ப்பது
எனக்கொன்றும் புதிதில்லை.
ஆனாலும் தூக்கம் வரவில்லை ஸ்கேனுக்கு முந்தின ராத்திரி.
நாத்தனார் கஸ்தூரி போனில் கேட்டுவிட்டாள்:
"இது எத்தனாவது வாட்டி?
கரண்டு மிஷினாச்சே, பிஞ்சுக்குத் தாங்குமா?"

பழக்க தோஷம். படுத்தபடி எடை போட்டேன்.
ஒரு தட்டில் மூன்று ஸ்கேன்.
மறுதட்டில்
பென்னாகரம் ரோட்டு வேகத்தடைகள் பதினேழு,
டவுன் பஸ் ஒன்றையும் விடாமல் குதித்துப் போகும்.
என் பற்களில் காவி ஏற்றிய போர்த் தண்ணீர்,
பிறந்த நாள் முதல் குடித்தது;
எத்தனை சொம்பு, தாங்குமா என்று
கஸ்தூரி உட்பட ஒருவரும் கேட்டதில்லை.
ரத்தம் எட்டுக்குக் கீழே என்று சிவப்பில் வட்டமிட்ட சீட்டு.
அதை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார் தீர்த்தகிரி.

"மாதேஸ்வரி" என்று கூப்பிட்டார்கள்.
கூழ் தடவினார் டாக்டர் மெஹருன்னிசா. பனிக்கட்டி போலக் குளிர்.
மேடம், இது கொழந்தைக்கு ஆகுமா?

"எக்ஸ்ரே மாதிரி கதிர் இல்லம்மா, சத்தம்தான்.
நம்ம காதுக்கு எட்டாத சத்தம்.
ஒரே எடத்துல ரொம்ப நேரம் வெச்சா லேசா சூடேறும்,
அதான் வெக்கிறதில்ல.
இத்தன வருஷத்துல கெடுதல்னு ஒண்ணும் நிரூபணமாகல.
அதுக்காக ஆசைக்கெல்லாம் எடுக்க
இது போட்டோ ஸ்டுடியோவும் இல்ல."

கெடுதலே கிடையாது என்று அடித்துச் சொல்லியிருந்தால்
நம்பியிருக்க மாட்டேன்.
எங்கள் தராசில் கடைசி இலக்கம் எப்போதும் துடிக்கும்,
மூன்றா நான்கா என்று.
துடிக்காத தராசு பழுது.

திரையிலும் ஏதோ துடித்தது.
"இதயம். நாலு அறையும் இருக்கு, பாருங்க."
நான்கு முறை எண்ணினேன்.

வெளியே பெஞ்சுக்கு மேலே பலகை:
கருவில் ஆணா பெண்ணா என்று கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.
அதற்கு நேர் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த தீர்த்தகிரி
எழுந்து வந்து கேட்டார்:
"எல்லாம் நல்லா இருக்குங்களா?"
அந்த 'எல்லாம்' கொஞ்சம் இழுத்தது.
"இருக்கு," என்றார் மேடம், காகிதத்தைப் பார்த்தபடி.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டார்.
டிக்கெட்டைச் சுருட்டினார், பிரித்தார், சுருட்டினார்.
இண்டூர் தாண்டியதும்தான் வாய் திறந்தார்.
"தொப்பூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு மிஷின் கார்ல வருதாம்.
சும்மா ஒரே ஒரு வாட்டி.
கெடுதல் ஒண்ணும் இல்லன்னு
டாக்டரம்மாவே சொன்னாங்கல்ல?"

ஏழாவது வேகத்தடை.
எட்டாவது.
வயிற்றுக்குள் யாரோ புரண்டு படுத்தார்கள்.

மறுநாள் அங்காடியில் நல்ல வரத்து.
ராமநகரத்திலிருந்து வந்தவர் குலுக்கிப் பார்த்தார்,
முகம் மலர்ந்தது. முதல் தரம் என்றார்.
கடகடவென்ற கூடுகளைத்தான்
சாயந்திரத்துக்குள் லாரியில் ஏற்றுவார்கள்.
அங்கே கொப்பரையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்.
ஆறு வருஷமாக எழுதுகிறேன்,
நேற்று வரை அது எனக்கு வெறும் எடைதான்.

சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு வாட்ஸப் அனுப்பினேன்:
அடுத்த ஸ்கேன் முப்பத்திரண்டாம் வாரம்.
மேடம் எழுதிக் கொடுத்த தேதி.
நடுவுல எந்தக் காருக்கும் நான் வரல.
வரும்போது இரும்பு மாத்திரை வாங்கி வாங்க.

இரண்டு நீல டிக் விழுந்தது.
டைப்பிங் என்று வந்தது. நின்றது.
மறுபடி வந்தது.

நாற்பத்திரண்டு கிலோ முந்நூற்று அறுபத்து
மூன்றா நான்கா.
நிற்கட்டும் என்று பேனாவோடு பார்த்திருந்தேன்.